வீடு பார்க்க வந்த பெண்

மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரப் பெண்ணின் மாமன் போவார், சித்தப்பா போவார், வாய்த் துடுக்கான அத்தை ஒருத்தி கூடவே போவாள். பெண்ணே கிளம்பி வந்து நிற்பது எந்த ஊர் வழக்கம்? துறையூரில் அப்படிக் கேட்டார்கள். இலங்கை மலையகத்து ஹட்டன் கடைத்தெருவிலும் அதையேதான் கேட்டார்கள். நடுவில் ஒரு கடல் கிடந்தும் கேள்வி மட்டும் மாறவில்லை. பூங்கொடி இரண்டு ஊருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். காலமெல்லாம் அங்கே இருக்கப்போவது நான், நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்றாள்.

அவளுடைய அப்பா துரைராஜ் துறையூரில் உரக்கடை வைத்திருக்கிறவர். அவளோ பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சொந்தமாக மெடிக்கல் கடை நடத்துகிறாள். லைசென்ஸுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவள். இருட்டும் வரை கவுண்டரில் நின்று அந்தத் தெருவில் தனக்கென்று ஒரு பெயர் எடுத்தவள். கல்யாணம் என்றால் அந்தக் கடையை மூட வேண்டும். மூடிவிட்டு மலைமேல் ஒரு பலசரக்குக் கடையின் மாடிக்குக் குடிவர வேண்டும். இதை ஒரு போட்டோவைப் பார்த்து முடிவு செய்ய அவள் பைத்தியமா?

மாப்பிள்ளை பெயர் விஜேந்திரன். ஹட்டன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்னையாவின் மகன். அவர்களும் பூர்வீகத்தில் துறையூர்ப் பக்கம்தான். கப்பலேறி வந்து, தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு அரிசியும் கருவாடும் விற்று இங்கேயே நிலைத்துப்போனார்கள். பெண் எடுப்பது மட்டும் இன்னும் அந்தப் பக்கமிருந்துதான். ஐப்பசியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து விஜேந்திரன் தினமும் போனில் பேசுவான். கடைக்கு வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பான். அவனைப் பூங்கொடிக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே பிடித்திருந்தது. மிச்சம் இருந்தது ஊர் மட்டும்தான். இந்த ஊரில் நம்மால் இருக்க முடியுமா? இன்று மாலை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

விடிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாட்ஜ் அறையில் துரைராஜ் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டு, போர்வைக்கு மேல் போர்வையாகச் சுருண்டு கிடந்தார். நேற்று ரயிலில் ஏறிய குளிர் இன்னும் இறங்கவில்லை என்றார். சும்மா ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் செருப்பை மாட்டினாள். அவர் போர்வைக்குள்ளிருந்தே ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்தினார்.

"பேச்சு முடியிறவரைக்கும் அவுங்க வீட்டுல கை நனைக்கக் கூடாது பாப்பா. டீ, தண்ணி குடிக்கலாம். சோத்துல கை வச்சா சம்மதம்னு அர்த்தம்."

இது அவள் பிறந்ததிலிருந்து கேட்ட சங்கதி. இவளைப் பார்க்க வந்தபோது அவர்களும் காபியைக் குடித்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கும்பிடு போட்டு எழுந்து போனவர்கள்தான். கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் குற்றமில்லை. உறவாகப் போகிறவர்கள் கையால் போட்ட சோறுதான் கணக்கு. அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

வெளியே பனிமூட்டம் கடைப் பலகைகளைப் பாதி மறைத்திருந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகிற காலம். அந்த மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களில் வெள்ளை உடுத்திய சிங்களச் சனம் நிறைந்திருந்தது. முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து மலையைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களுக்கு என்ன, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தானும் அப்படி ஒரு பிரயாணிதான், ஒரு நாள் ஊர் சுற்ற வந்தவள்தான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த நினைப்பு தெருமுனை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எந்தச் சந்தைப் பார்த்தாலும், தினமும் இதில்தானே நடக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மார்க்கெட்டில் லீக்ஸும், இங்கே கோவா என்கிற முட்டைக்கோஸும் குவிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தோட்டங்களிலிருந்து சனம் இறங்கியிருந்தது. அக்கரப்பத்தனை பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் குடையும் பையுமாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் பேச்சு துறையூர்ச் சந்தைப் பேச்சு மாதிரியே இருக்க, நடுவில் திடீரென்று ஒரு சிங்களச் சொல் வந்து விழுந்தது. அவளுக்கு அது பிடித்தது. உடனே, பிடித்துவிட்டதே என்று பயமும் வந்தது. பிடிக்காமல் போயிருந்தால் காரியம் எவ்வளவு சுலபம்.

அவள் கரட் விலை கேட்டாள். காய்க்காரர் விலையைச் சொல்லாமல், நீங்க பொன்னையா மொதலாளி வீட்டுக்கு வந்திருக்க புள்ளதானே என்று கேட்டார். பூக்கடைக்காரி, கேட்காமலே ஒரு முழம் கதம்பத்தை நீட்டினாள். ஓட்டோக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, விஜி அண்ணன் வீடு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். அட, ஊரைப் பார்க்க வந்தால் ஊர் அல்லவா அவளைப் பார்க்கிறது! பூங்கொடிக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு தெரு வேண்டும். அங்கே நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். கடைத்தெருவை விட்டு விலகி நடந்தாள்.

வழியில் பாமசி என்று பலகை போட்ட மருந்துக்கடை ஒன்று தென்பட்டது. கால் தானாக ஏறியது. தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் அலமாரிகளை ஒரு நோட்டம் விட்டாள். மருந்துக்காரப் பெண்ணின் சட்டையில் ஜீவராணி என்று பெயர் குத்தியிருந்தது. தோட்டத்து அம்மா ஒருத்திக்கு அவள் எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் பூங்கொடி மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். இந்தியாவில் படித்தவர்கள் இங்கே கடை போட முடியுமா என்று விசாரித்தாள். முடியும், ஆனால் இங்கே பரீட்சை எழுதிப் பதிய வேண்டும், கொஞ்ச நாள் இழுக்கும், படித்தவளுக்கு அது ஒரு கஷ்டமா என்றாள் ஜீவராணி. மேல்பக்கத் தோட்டங்களுக்கு நல்ல பாமசி ஒன்றுகூடக் கிடையாது, யாராவது போட்டால் புண்ணியம் என்றும் சொன்னாள்.

வெளியே வந்தபோது பூங்கொடியின் நடை மாறியிருந்தது. மேல்தோட்டங்களுக்குப் போகிற மேட்டு வளைவில் ஒரு பலகை, ஒரு கண்ணாடி அலமாரி, தன் பெயர். குளிருக்கு என்ன, ஸ்வெட்டர் போட்டால் போகிறது. மூடுபனி விலகி எதிர்மலையில் தேயிலை வெயிலில் மின்னியது. இருந்துவிடலாம் போலிருக்கிறதே என்று முதல் முறையாக நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் துறையூர்க் கடையின் ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் காதில் கேட்டது. மறுபடி நடக்கத் தொடங்கினாள். நின்றால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்று பயந்து நடக்கிறவளைப் போல நடந்தாள்.

டிக்கோயா போகிற ரோட்டில், கடைகள் தீர்ந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், பசி வயிற்றைக் கிள்ளியது. காலையில் லாட்ஜில் பாண் ரொட்டியும் பருப்பும் வைத்தார்கள், ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டாள். எதிரே ஒரு சின்னச் சைவக்கடை. உள்ளே நாலே மேசை. கல்லாவில் ஒரு பெரியம்மா, நெற்றி நிறையக் குங்குமம். தோசை இருக்கிறதா என்று கேட்டாள். மத்தியானத்துக்குச் சோறுதான் தாயி, உட்காரு என்றார் அந்த அம்மா.

சாப்பாடு அமிர்தமாக இருந்தது. பருப்பு, பீட்ரூட் கறி, வல்லாரைச் சம்பல், புளிப்பான ரசம். பரிமாறுகிற பையனை விலக்கிவிட்டு அந்த அம்மாவே அள்ளி அள்ளிப் போட்டார். அப்பளம் கேட்காமலே இன்னொன்று வந்தது. பாமசியை விட்டால் இந்த ஊரில் பொன்னையா மொதலாளி என்ற பெயரை யாரும் எடுக்காத இடம் இதுதான் என்று நிம்மதியாகப் பிசைந்து சாப்பிட்டாள். கை கழுவி வந்து பர்ஸைத் திறந்தாள்.

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துப் பர்ஸை மூடினார். கண் கலங்கியிருந்தது.

"என் தம்பி வீட்டுக்கு வெளக்கேத்த வர்ற புள்ளகிட்ட நான் காசு வாங்குவனா? நீயா தேடி வந்து என் கையால சாப்பிட்டுட்டியே, எனக்கு அது போதும் தாயி."

அவர் பெயர் மீனம்மா. பொன்னையாவின் கூடப் பிறந்த அக்கா. பூங்கொடி மறுபடி பர்ஸைத் திறந்தாள். தெரியாமல் வந்தேன், காசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மீனம்மா போனைக் காதில் வைத்துவிட்டார். புள்ள கை நனைச்சிருச்சு என்று அந்தப் பக்கம் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால் எந்தக் கல்நெஞ்சுக்கும் மறுத்துப் பேச வாய் வராது. பூங்கொடி கும்பிட்டுவிட்டு வெளியேறினாள்.

கடைத்தெருவுக்குள் அவள் வருவதற்கு முன்பே செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. காய்க்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். பூக்காரி, இனிமேல் நம்ம ஊர்ப் புள்ள என்றாள். இதற்குத்தான் விடிந்ததிலிருந்து நடந்தாளா? தன் வாயால் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை, ரசமும் அப்பளமும் சொல்லிவிட்டன. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று ஸ்டேஷனுக்குப் போய், தண்டவாளத்தைக் கடக்கிற மேம்பாலத்தில் ஏறி நின்றுகொண்டாள்.

விஜேந்திரன் மூச்சிரைக்க அங்கே வந்து சேர்ந்தான். தோளில் மாவு ஒட்டிய துண்டு. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். அவள் அவனைப் பார்க்காமலே, அது உங்கள் அத்தை கடை என்று எனக்குத் தெரியாது என்றாள்.

அவன் துண்டை உருவி முகத்தைத் துடைத்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரியும் என்றான்.

"அத்த கடைக்கு எதுத்தாப்பல மூட்டை எறக்கிட்டு இருந்தேன். நீங்க பலகையப் பாத்துட்டு உள்ள போனீங்க. உங்களுக்குத் தெரியலன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. ரெண்டு எட்டு வச்சா தடுத்திருக்கலாம்."

ஏன் தடுக்கவில்லை என்று அவள் கேட்டாள்.

"நீங்க வேணாம்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அதான் நின்னுட்டேன்."

அறைந்துவிடலாம் என்று அவளுக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த வேகம் அடங்கியது. செய்தது தப்பு. ஆனால் மழுப்பாமல் சொல்லிவிட்டான். பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? இப்படி நேராகப் பேசுகிறவனோடு இந்தக் குளிரில் என்ன, எந்தக் குளிரிலும் இருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத உங்க வீட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தெரியாம சாப்பிட்டேன், தெரிஞ்சும் நீங்க சும்மா இருந்தீங்க, அவ்வளவுதான். சொல்லிட்டு என்கிட்ட சம்மதமான்னு கேளுங்க. அங்கயே பதில் சொல்றேன்."

சொல்கிறேன் என்றான். படி இறங்கும்போது தானாகவே இன்னொரு தடவையும் சொன்னான். அவள் பதிலும் அநேகமாக முடிவாகிவிட்டது. தலை குனிந்து சொல்லப்போவதில்லை, நிமிர்ந்தே சொல்லப்போகிறாள் என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. காலையிலிருந்து பறந்த மனசு, அவன் பக்கத்தில் நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் கொஞ்சம் அமர்ந்தது.

பொன்னையாவின் கடை மாடிப்படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மேலே ஏறியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் வாழையிலைக்கு முன்னால், குல்லாயைக் கழற்றாமல், அவளுடைய அப்பா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொன்னையாவே லாட்ஜுக்குப் போய், பெண்ணே கை நனைத்த பிறகு நீங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். நேற்று முதல் குளிரில் சாப்பாடே இறங்காமல் கிடந்த மனிதர், மகள் முடிவெடுத்துவிட்டாள் என்ற நிம்மதியில் மூன்றாம் முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே பாப்பா என்று வாய் நிறையச் சிரித்தார். அவருடைய குளிர் எங்கேயோ பறந்துபோயிருந்தது.

விஜேந்திரனின் அம்மா தனலெட்சுமி ஓடி வந்து அவள் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்தார். மீனம்மா கடையைச் சாத்திவிட்டு வந்து, தன் பெருமையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்கள். ஒருவர் முகத்திலும் கள்ளம் இல்லை. பூங்கொடி விஜேந்திரனைப் பார்த்தாள்.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அம்மா" என்றான்.

என்னடா என்று தனலெட்சுமி திரும்பினார். கூடம் முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மீனம்மாவைப் பார்த்தான். துரைராஜின் இலையைப் பார்த்தான்.

"ரசம் சூடா இருக்கா?"

இருக்குடா, உனக்கும் போடுறேன், ரெண்டு பேரும் ஒக்காருங்க என்று தனலெட்சுமி இரண்டு இலைகளை விரித்தார். பூங்கொடி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க என்றாள். அவன் அவளைப் பார்க்காமல், அவள் இலையில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துவிட்டான்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. மொதல்ல சாப்பிடுங்க."

பாலத்தில் பேசியவன் எங்கே போனான்? யாருமில்லாத இடத்தில் உண்மை பேசுவான், நாலு பேர் கூடினால் ரசம் கேட்பான். நாளைக்கு இந்தக் கூடத்தில் தனக்காக ஒரு வார்த்தை வேண்டியிருக்கும்போதும் இவன் ரசம்தான் கேட்பான். வெயில் பட்ட தேயிலையும், மேட்டு வளைவில் தன் பெயர்ப் பலகையும் கண்முன்னே வந்து போயின. அவளுக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. தனலெட்சுமி சோற்றை அள்ளி இலைக்கு மேலே கொண்டுவந்தபோது, அவள் இரண்டு கையாலும் இலையை மூடினாள்.

அத்தை என்று கூப்பிடத்தான் படியேறும்போது நினைத்து வந்தாள். வாயில் அம்மா என்றுதான் வந்தது.

"ஊர் பிடிச்சிருக்குங்கம்மா. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஊர் மட்டும்தான்."

கரண்டி அப்படியே நின்றது. என்ன சொல்கிறாள் என்று விளங்க ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம் பிடித்தது. முதலில் விளங்கியது மீனம்மாவுக்குத்தான். என் கையால் சாப்பிட்டாயே தாயி என்று பதறினார். உங்கள் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, கடை யாருடையது என்று தெரியாமல் வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பூங்கொடி அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அப்படியானால் பிடிக்காதது எது என்று பொன்னையா கேட்டார். அது உங்கள் மகனுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இலையைப் பார்த்தான். இப்போதாவது என்று அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அதுதான் அவளுடைய பெரிய முட்டாள்தனம்.

துரைராஜ் உருட்டிய கவளத்தைக் கையில் வைத்தபடியே மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"முடிவா பாப்பா?"

அவள் தலையசைத்தாள். அவர் கவளத்தை இலையில் வைத்தார். நான் சாப்பிட்டுவிட்டேனே என்று கேட்பார், மானம் போச்சே என்பார் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து, எல்லாரையும் பார்த்துக் கும்பிட முடியாத எச்சில் கையோடு, தலையை மட்டும் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் அவ வாயால கேக்காம உக்காந்துட்டேன். தப்பு எம்மேல."

யாரும் தடுக்கவில்லை. தனலெட்சுமி மட்டும் படிவரை வந்து, மல்லிகைச் சரத்தைக் கழற்ற வேண்டாம் என்று அவள் கையை அமுக்கிவிட்டுப் போனார்.

கடைத்தெரு அவர்களைப் பார்த்து எழுந்து நின்றது. துரைராஜ் ஒவ்வொரு கும்பிடுக்கும் பதில் கும்பிடு போட்டபடி நடந்தார். தூறல் விழத் தொடங்கியது. குடை ஒன்றுதான் இருந்தது, அதை மகள் பக்கமே சாய்த்துப் பிடித்தார். லாட்ஜில் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்துவிட்டார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், காரணத்தைக் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"மத்தியானம் வயிறார சாப்பிட்டியா?" என்று கேட்டார் அவர்.

"சாப்பிட்டேன்ப்பா. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள் பூங்கொடி. சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.